பதிலுக்கு விட்ட இடம்

எண்பதுகளில் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்புக் கட்டிடங்கள். நம் வீடு என்று நினைத்து அடுத்தவர் கதவில் சாவியைப் போட்டுத் திருகாதவர்கள் நம்மில் யாருமில்லை. நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை தலையணை வரைக்கும் வரும். பொது லாண்டரி அறையின் வெதுவெதுப்பில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சீட்டு விளையாடியிருக்கிறோம். இப்போது நமக்கு முட்டி வலிக்கிறது. மெனு கார்டைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோம்.

நான் இப்போது கலிபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறேன். என் மகன் பாட்டு எழுதுகிறான். அதுதான் வேலையா என்று கேட்காதீர்கள், நாங்களும் அவனிடம் கேட்பதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தவன், தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் போனில் ஒரு பாட்டைப் போட்டான். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு கருப்பினப் பாடகர் ஒருவர் பாடிய, சோல் என்று சொல்கிற வகைப் பாட்டு.

"லிசன் டு திஸ், மாம். வீ ஆல் ஸ்டீல் ஃப்ரம் தெம். இன்னிக்கு ஸாங்ஸ் எழுதுற எல்லாரும்" என்றான். "நான் எழுதினதுன்னு நினைக்கிறதெல்லாம் கடைசில பார்த்தா இதுல இருக்கு."

நான் கரண்டியை வைத்துவிட்டு, கராஜில் அரிசி எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனேன். வீட்டுக்குள்ளேயே அரிசி இருந்தது. அவன் கண்ணாலேயே பார்த்திராத ஒருவர் அவனுக்கு முன்னாலேயே அந்தப் பாட்டுகளிலிருந்து எடுத்திருக்கிறார், தமிழில். என் அத்தா.

போன வருஷம் அம்மாவும் மவுத்தாகிவிட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அவள் இருந்தவரை அக்காவும் நானும் எங்களுக்குள்கூட இதைப் பேசிக்கொண்டதில்லை.

அத்தா மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எங்களிடம் இருந்த ஒரே கார் குளிர் வந்தால் கிளம்பாது என்பதால், அதே கம்பெனியில் வேறொரு லேபில் இருந்த நண்பரோடு சேர்ந்து வேலைக்குப் போய் வருவார். அந்த நண்பர் நெவார்க்கில் வளர்ந்த கருப்பினத்தவர், கம்பெனியில் அத்தாவைவிட ஒரு படி மேலே. அக்காவும் நானும் அவரை கார் அங்கிள் என்போம். அவருடைய கார் அவ்வளவு நீளம். குங்கும நிறம், முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட், உள்ளே எப்போதும் புதினா மிட்டாய் வாசனை. அத்தாவின் காலடியில் ஒரு ஷூ பெட்டி நிறைய கேசட்.

அத்தாவும் பாட்டு எழுதுவார். தமிழ்ச் சங்க விழாக்களுக்குப் பாட்டென்றால் அவரிடம்தான் வருவார்கள். சொல்லும் அவரே, மெட்டும் அவரே. தமிழை அமுதம் என்பார், கடல் என்பார், மலை என்பார். மோனை தவறாது. பாடி முடித்தால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாளில் எங்களுக்கே அது மறந்துபோகும்.

எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாலு. அந்த வசந்தத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மா எங்களை லைப்ரரியில் விட்டுவிடச் சொல்லி அத்தாவோடு அனுப்பினாள். பின் சீட்டில் நானும் அக்காவும். கார் ரூட் ஒன் ஹைவேயில் ஏறியதும் கார் அங்கிள் ஒரு கேசட்டைத் தள்ளினார். ஒரு ஆண் குரல். அந்த ஆள் பாடினான் என்று சொல்ல மாட்டேன், கெஞ்சினான். பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னார்கள். கார் அங்கிள் அந்த ஆளோடு சேர்ந்துகொண்டார், எங்கள் அத்தா அந்தப் பெண்களோடு! டேஷ்போர்டை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், வார்த்தை பாதி தெரியாமலே. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பாட்டு முடிந்ததும் நான் கேட்டேன். "அத்தா, அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அவ விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம்."

"அதுக்கு ஏன் ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொல்றாரு?"

"பயந்தவன் புதுசு புதுசா வார்த்தை தேடிக்கிட்டிருப்பானா? ஒரே வார்த்தையத்தான் சொல்லுவான்."

அப்புறம் திரும்பி உட்கார்ந்து, எங்களிடம் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். "ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் எடம் விடுறான் பாரு. யாராவது பதில் சொல்லணும்னு. நம்ம ஊர்ல பாடிக்கிட்டு வர்ற பக்கீர்சா தாயிராக் கொட்டை அடிச்சுக்கிட்டு இப்படித்தான் சட்டுனு நிப்பாட்டுவாரு, கூட்டம் எடுத்துக் குடுக்கும். நான் எழுதுற பாட்டுல அந்த எடமே இல்ல. கேக்குறவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அன்று முதல் அவர் எழுதுவது மாறியது. ஒரு சனிக்கிழமை காலை, அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்று பாடிக் காட்டினார்.

கதவத் தட்டுறது நான்தான்
வேற யாரும் இல்ல, நான்தான்
தொறக்காட்டியும் பரவால்ல
யாருன்னு ஒரு வார்த்தை கேளு

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "என்னங்க பாட்டு இது? சாவியத் தொலைச்சிட்டு நிக்கிற பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருக்கு."

அத்தா அப்படிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டே, தன்னையறியாமல், "வேற யாரும் இல்ல, நான்தான்" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். அவர் எழுதியதில் அம்மா வாயில் வந்த முதல் வரி அதுதான்.

சங்கத்தில் அது எடுபடவில்லை. க்ளப் ஹவுஸில் ஒத்திகை. அத்தா பாடினார். சங்கத்தின் செயலாளர் அங்கிள் கடைசிவரை கேட்டுவிட்டு, அவர் தோளில் கை வைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ் எவ்ளோ பெரிய லாங்குவேஜ். அதுல போய் நான்தான் நான்தான்னு... யாரோ பெக் பண்ற மாதிரி இருக்கே. போன வருஷம் எழுதினீங்களே, அந்த மாதிரி ஒண்ணு குடுங்களேன்."

"பெக் பண்றதுதான் சார்" என்றார் அத்தா.

"அதில்ல, குழந்தைங்கள்லாம் வர்ற ப்ரோக்ராம்."

அத்தா இன்னொரு தடவை பாடிக் காட்டுகிறேன் என்றார். மேலே போக வேண்டிய வரியில் குரல் பிசிறி உடைந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் அதே இடத்தில் உடைந்தது. செயலாளர் அங்கிளுக்கு அது வசதியாகப் போயிற்று. "பாவம், தொண்டை கட்டியிருக்கு. இந்தத் தடவை ரெஸ்ட் எடுங்க சார்."

தொண்டைக் கட்டு போகவில்லை. இஞ்சி, மிளகு, தேன் எல்லாம் ஆயிற்று. பெருநாள் முடிந்து தெரிந்தவர் வீட்டில் பிரியாணி விருந்து. அங்கே எங்கள் ஊர்க்காரர் டாக்டர் அங்கிள் ஒருவர் இருந்தார். அவர் குழந்தைகள் டாக்டர். நல்ல மனிதர், எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்தவர். விருந்தில் கை கழுவுகிற இடத்தில் அத்தாவின் வாயைத் திறக்கச் சொல்லி, சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஓவரா பாடுறீங்க. டீச்சர்ஸுக்கெல்லாம் வர்றதுதான். கம்ப்ளீட் வாய்ஸ் ரெஸ்ட் குடுங்க. பாடவும் கூடாது, பேசவும் கூடாது. சம்மர் முடியறதுக்குள்ள சரியாயிடும். ஆகலேன்னா ஸ்பெஷலிஸ்ட் யார்கிட்டயாவது காட்டிடலாம்."

கடைசியாகச் சொன்னது யார் காதிலும் நிற்கவில்லை. அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: பேசவும் கூடாது.

மறுநாளே வீடு மாறிப்போனது. என்னுடைய மேஜிக் ஸ்லேட்டை அம்மா அத்தாவிடம் கொடுத்தாள். மேலே சாம்பல் நிற மெல்லிய தாள், அதில் குச்சியால் எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினால் எழுத்து போய்விடும். நம் எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்தது. அத்தா அதில் "உப்பு" என்று எழுதுவார், "இன்னொரு டீ" என்று எழுதுவார், தூக்குவார், போய்விடும். அவர் வாயைத் திறந்தால் அம்மா உதட்டில் விரல் வைப்பாள். முனகினால்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். டேப் ரெக்கார்டரைத் துணியில் சுற்றி, க்ளாசெட்டின் மேல்தட்டில் சூட்கேஸுக்குள் வைத்தாள். "கண்ணுல பட்டா பாடணும்னு தோணும்" என்றாள்.

அவள் இதைக் கோபத்தில் செய்யவில்லை. தொழுகைக்குப் பிறகு அவள் கை ஏந்தியிருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. மௌனத்தையும் ஒரு மருந்து மாதிரி வேளை தவறாமல் அவருக்குக் கொடுத்தாள்.

அவர் பேசாததால் நாங்களும் மெதுவாகப் பேசத் தொடங்கினோம். டிவி சத்தம் குறைந்தது. பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மரத்துப் பூச்சிகள் பகல் முழுக்க இரைந்தன. குளத்தில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் வரும். மேசையில் உட்கார்ந்து அத்தா விரல்களால் தட்டிக்கொண்டிருப்பார், உதடு அசையும், சத்தம் வராது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

அக்காதான் சண்டை போட்டாள். "திஸ் இஸ் ஸ்டுபிட், அம்மா. ஹி நீட்ஸ் எ ரியல் டாக்டர்."

"அவரு டாக்டர் இல்லாம கொத்தனாரா?"

"ஹி இஸ் எ கிட்ஸ் டாக்டர்!"

"தொண்டை எல்லாருக்கும் தொண்டைதான். நீ போய்ப் படி."

அத்தா இருவரையும் பார்த்துவிட்டு ஸ்லேட்டில் எழுதினார்: "அம்மா சொல்றது சரி." தாளைத் தூக்கினார்.

அம்மா ஒரு காலை அக்காவை அழைத்துக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கே இறங்கிப் போனாள். கார் அங்கிளிடம் சொல்லச் சொன்னாள், இவரைப் பேசவைக்காதீர்கள், பாட்டுப் போடாதீர்கள் என்று. அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். கார் அங்கிள் தொப்பியைக் கழற்றி, "கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அம்மாவுக்கு நிம்மதி. அதன் பிறகு அத்தா தினமும் காலையில் ஹாரன் கேட்டதும் ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் படியில் இறங்கி ஓடுவார். வேலையில் என்ன ஆர்வம் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டாள்.

கோடை முடிந்தது. சரியாகவில்லை. இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் என்றாள் அம்மா. மரங்கள் சிவந்து, கார்களின் மேலெல்லாம் இலை விழுந்து கிடந்த ஒரு காலையில், பல் தேய்த்த தொட்டியில் இரத்தம் இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் போனை எடுத்து கார் அங்கிளுக்குப் பேசினாள். அவர்தான் அத்தாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பிறகு ஒரு நாள் எங்கள் நால்வரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து சர்ஜன் பேசினார். அம்மாவுக்குக் கடை ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அக்கா நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். உயிருக்கு நம்பிக்கை இருக்கிறது, குரலுக்கு இல்லை. அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள், சரியாகவே சொன்னாள்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இத்தனை மாசம் ஒரு வார்த்தை பேச விடாம வச்சிருந்தேனே. பாடவே இல்லையே. அப்புறம் எப்படி வந்துச்சுன்னு கேளு."

அக்கா கேட்டாள். சர்ஜன் அம்மாவைப் பார்த்து, மெதுவாக, அன்பாகத்தான் பதில் சொன்னார். பேசாமல் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாடியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், சீக்கிரம் வந்திருந்தால் ஒருவேளை குரலைக் காப்பாற்றியிருக்கலாம், அந்த மாதங்கள்தான் போய்விட்டன.

எனக்கு ஆங்கிலம் தெரியும். அத்தாவுக்கும் தெரியும். அக்கா கொஞ்ச நேரம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேச விடாம வச்சிருந்தது ரொம்ப நல்லதுன்னு சொல்றாரு. இல்லேன்னா இன்னும் மோசமா ஆகியிருக்குமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அம்மா. சர்ஜனைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டினாள். அவர் குழப்பத்தோடு சிரித்தார். அத்தா கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்பு அக்கா ஸ்டூல் போட்டு ஏறி டேப் ரெக்கார்டரை எடுத்துவந்தாள். அம்மா தடுக்கவில்லை. புது கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி அத்தா முன்னால் வைத்தாள். அத்தா மூச்சை இழுத்தார். சருகு மிதிபடுகிற மாதிரி ஏதோ வந்தது. இன்னொரு தடவை. பிறகு அவரே ஸ்டாப்பை அழுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து அக்காவிடம் கொடுத்து, ஸ்லேட்டில் எழுதினார்: "இதுல நீ வேற ஏதாச்சும் பதிஞ்சுக்க." அந்த கேசட் பின்னால் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அதில் அவர் மூச்சாவது இருந்திருக்கும்.

அத்தா வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து கார் அங்கிள் பார்க்க வந்தார், கையில் வீட்டில் சுட்ட ஒரு பெரிய ஆப்பிள் பை. அத்தாவின் கழுத்துத் துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அத்தாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது. துக்கம் தாங்காமல்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

"இந்த மனிதன் கோடை முழுக்க என் காரில் பாடினான், தெரியுமா? தினமும். ஆபீஸ் வாசல்வரை. நான் கேசட்டை நிறுத்திவிடுவேன், இவன் நிறுத்த மாட்டான். என் பாட்டில் ஆரம்பித்து அவன் பாட்டில் போய் முடிப்பான். உடைந்த குரல்தான், ஆனால் அப்படி ஒரு குரலை நான் சர்ச்சில்கூடக் கேட்டதில்லை."

'சிங்' என்ற வார்த்தை அம்மாவுக்குத் தெரியும். "என்ன சொல்றாரு?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றாள். அத்தா என்னைப் பார்த்து, சொல்லு என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். சொன்னேன்.

அம்மா கத்தவில்லை. "பாடினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அத்தா ஆமென்று தலையசைத்தார். "நான் இங்க ஒவ்வொரு வக்து தொழுகையிலயும் அழுதுக்கிட்டு துஆ கேட்டேன். நீங்க அங்க பாடினீங்களா? அதான். அதான் இப்படி ஆயிடுச்சு." கார் அங்கிளின் கையிலிருந்து பாதி குடித்த கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா எழுந்துவிட்டாள். "அம்மா, அந்த டாக்டர் சொன்னது..." என்று அடுப்படிப் பக்கம் போனாள். அத்தா எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்லேட்டை எடுத்து எழுதினார்: "வேண்டாம். என்மேலயே இருக்கட்டும்." நாங்கள் இருவரும் படித்தோமா என்று பார்த்துவிட்டுத் தாளைத் தூக்கினார்.

அப்போது எனக்கு முழுக்கப் புரியவில்லை. இப்போது புரிகிறது. உண்மையைச் சொன்னால், குரலோடு இருந்த கடைசி மாதங்களை அம்மாவின் அன்புதான் வாயடைத்து வீணாக்கியது என்று ஆகும். சொல்லாவிட்டால் பழி அத்தாவின் மேல். மூன்றாவது வழி ஒன்று இருந்திருந்தால் பதினாலு வயதுப் பெண் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

கார் அங்கிளைக் கீழே வழியனுப்ப நாங்கள் போனோம். அக்கா அவரிடம், அத்தா பாடிய மெட்டு ஏதாவது ஞாபகமிருக்கிறதா, முனகிக் காட்ட முடியுமா என்று கேட்டாள். அவர் காரில் சாய்ந்து கண்ணை மூடி முனகினார். நிறுத்தினார். "இல்லை, இது என் கேசட்டில் இருப்பது" என்றார். வேறொன்று தொடங்கினார். "இதுவும்..." என்று தலையைச் சொறிந்தார். "எது அவனுடையது, எது அவர்களுடையது என்று பிரிக்க முடியவில்லை, கண்ணு. அவ்வளவு கலந்துவிட்டான்." கார் கதவைத் திறந்தவர் நின்றார். "ஒன்று மட்டும் நிச்சயம் அவனுடையது. ஒரே வார்த்தையைப் பாடுவான். பிறகு காத்திருப்பான். நான் சும்மா 'யெஸ் சார்' என்பேன். அவன் சிரித்துவிட்டுத் திரும்பவும் அதையே பாடுவான். இரிக்யா, இரிக்யா என்று. என்ன அர்த்தம்?"

"இருக்கியா" என்றாள் அக்கா. "ஆர் யூ தேர்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்படியென்றால் நான் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. அத்தா வேலைக்குத் திரும்பியபோது அதே காரில்தான் போனார். அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். நான் காலேஜ் முடிக்கும்வரை அத்தா இருந்தார். சங்கத்துக்கு மறுபடி எழுதவில்லை. பள்ளிவாசலில் நடந்த அவருடைய ஜனாஸாவுக்கு கார் அங்கிள் வந்து, செருப்பு கழற்றும் இடத்திலேயே நின்றுவிட்டுப் போனார். அக்கா உள்ளே போய் அம்மாவிடம், அவர் வந்திருக்கிறார் என்றாள். "வந்திருந்தா என்ன?" என்றாள் அம்மா.

ஆபரேஷன் முடிந்த அந்த முதல் குளிர்காலத்துப் பகல் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். டார்ச்லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் மின்சார இரைச்சலில் வார்த்தை வரும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கேள்வி கேட்டாலும் திட்டினாலும் ஒரே சுருதி. அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை, மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

வெளியே பனி கொட்டி, பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அம்மா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்காவும் நானும் மேசையில் வீட்டுப்பாடம். அத்தா இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்தார். வலது கையால் கழுத்தில் அழுத்திக்கொண்டு, இடது கையால் மேசையில் தாளம் போடத் தொடங்கினார். டேஷ்போர்டில் போட்ட அதே தாளம். அக்கா பென்சிலை வைத்தாள்.

"இருக்கியா" என்றது கருவி.

அத்தா நிறுத்தினார். தாளம் மட்டும் ஓடியது. எங்களைப் பார்த்தார்.

"இருக்கேன், எங்க போகப் போறேன்?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மிகச் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. அத்தா தாளத்தை விடவில்லை. பிறகு மறுபடியும், "இருக்கியா."

"இங்கதாங்க இருக்கேன். என்ன வேணும்?"

அக்கா வாயைத் திறந்தாள். அத்தா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அது பாட்டு என்று தெரிந்தால் அம்மா நிறுத்திவிடுவாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருக்கியா."

"இருக்கேன்ல. தண்ணி வேணுமா? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?" அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். குரல் தணிந்தது. "பயமா இருக்கா?"

அத்தா ஆமென்று தலையசைத்தார்.

அம்மா மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். தாளம் நின்றது. அவர் கருவியைக் கீழே வைத்தார். வீட்டில் கஞ்சி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கேங்க" என்றாள் அம்மா, அவர் கேட்காமலே.